பத்தாவது ஆள்

கதீஷ் என்பது இறந்தவருக்காகச் சொல்லும் ஜெபம். தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூத ஆண்கள் கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மினியான் என்று பெயர். மும்பை செம்பூரில், அண்ணி முறை வைத்து நாங்கள் பாபி என்று கூப்பிடும் எதிர் ஃபிளாட்காரி தன் கணவரின் முதல் வருஷத்துக்கு மினியான் சேர்க்க அல்லாடியபோதுதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். நாங்கள் திதி என்பதை இஸ்ரேலில் இருக்கும் அவள் மகன் யார்ட்சைட் என்பான். அது மாமனார் வீட்டில் பிடித்த சொல், ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழி. மராத்தி பேசி வளர்ந்த வீட்டில் அதைக் கேட்டால் பாபிக்கு எரிச்சல் வரும்.

அங்கே ஷூலில், அதாவது அவர்கள் கோயிலில், கதீஷ் சொல்லியாயிற்று, அது போதும் என்றான் மகன். பாபிக்குப் போதவில்லை. அவர் உயிர் போன வீட்டில் தன் காது கேட்க ஒருமுறை சொல்ல வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

தெரிந்தவர்களில் பாதிப்பேர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். எப்படியோ ஆள் பிடித்தோம். ஆனால் நாள் ஞாயிற்றுக்கிழமை. தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கும் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சாயங்காலம் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாணாவிலிருந்து கிளம்பிய கிழவர் குர்லாவில் ரயில் இல்லாமல் நின்று நின்று, முட்டி வலி தாளாமல் திரும்பிப் போய்விட்டதாக போன் செய்தார்.

தலையில் கிப்பா தொப்பியோடு நானும் ஒரு ஓரத்தில் இருந்தேன். என்னை எண்ண மாட்டார்கள். ஒரே மாடியில் இத்தனை வருஷம் இருந்தவனை எண்ணாத கணக்கு என்ன கணக்கு என்று கோபம்கூட வந்தது. திவசத்துக்கு எங்கள் வீட்டில் நாங்கள் மட்டும் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கிறோமா என்று நினைத்ததும் அடங்கிப்போனேன்.

அவர்களுக்கு சூரியன் மறைந்தால் நாள் முடிந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஜெபம் நடத்துகிற ஹசான் புத்தகத்தைத் திறந்து, கதீஷை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாம் என்றார்.

மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த போனில் மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைச் சேர்த்துக்கொண்டால் பத்து ஆகுமே என்றான். ஆள் இந்த அறையில் இருக்க வேண்டும் என்றார் ஹசான். ரயில்வேக்காரன் கெடுத்துவிட்டான் என்று மகன் மராத்தியில் திட்டினான்.

பாபி போனைக் கையில் எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“மெகா பிளாக்கைச் சொல்லாதடா. பத்தாவது ஆள் நீதான்.”

எனக்கும் ஒரு மகன் டொரன்டோவில் இருக்கிறான். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.