மூன்று நொடி இடைவெளி

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்துப் பேசும் எங்கள் குழுவில் அவரும் ஒருவர்; அதற்குப் புதிய டிஜிட்டல் வலையமைப்பை வடிவமைக்க நான் ஈப்போவிலிருந்து மலைக்குப் போயிருந்தேன்.

ஒருவர் பேசி முடித்ததும் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். பட்டனில் விரலை வைத்தபடி மூன்று நொடி காத்திருப்பார். ஆபத்தில் இருப்பவர் யாராவது குறுக்கே கூப்பிடுவதற்காக விடும் இடைவெளி அது. எங்களில் பலர் கைவிட்ட வழக்கம்.

“புது சிஸ்டத்துல அது வேணாம்ணே, நேரம்தான் வீண்,” என்றேன்.

“வச்சிரு லா. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குல சேத்துவெள்ளம் வந்த அன்னிக்கு நான் இதுல மழையப் பத்தி இடைவெளி விடாம பேசிக்கிட்டே இருந்தேன். காய்கறி லோரி ஓட்டுறவரோட மவன் அங்கதான் இருந்தான். தோண்டி எடுத்தப்ப ரேடியோ செட்டு அவன் கையில இருந்துச்சு.”

இடைவெளியை வைத்தேன்.

பழைய கருவியில் அந்த மூன்று நொடியில் இரைச்சலாவது வரும். புதியதில் அதுவும் இல்லை. முதல் நாள் அவர் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். மூன்று நொடி முடிந்த பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.