என் மனைவி நான்கு பேராகப் பாடிய பாட்டு

என் ஆர்மோனியத்தில் மேல் பஞ்சமம் பேசாது. மரக்காணத்து உப்புக்காற்று அந்தச் சுரத்தின் பித்தளை நாக்கை, ரீடை, தின்றுவிட்டிருந்தது. பகலில் எனக்கு உப்பு லாரிகளுக்கு லோடு ஏற்றிவிடும் வேலை. சாயங்காலம் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டுக் கட்டுவேன். பேசாத சுரத்தைத் தொடாமலே கட்டிக் கட்டி, அதுவே என் பாணியாகிவிட்டது. "உன் பாட்டு எப்பவும் அடக்கமா இருக்குதுப்பா" என்பார் பங்குச் சாமியார். நானும் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வேன்.

2005இல் புதுச்சேரியில் பழைய கீபோர்டு ஒன்று வாங்கினேன். அதில் எல்லாச் சுரமும் பேசியது. பட்டனைத் தட்டினால் தபேலா, டிரம்ஸ், வயலின். அந்த வாரமே ஒரு பாட்டுப் போட்டேன், வரிக்கு வரி மேல் பஞ்சமம். குழுவின் முதல் குரல் என் மனைவி. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, அந்தச் சுரத்த இத்தன வருஷம் பட்டினி போட்டுட்டு, ஒரே நாள்ல இப்படியா ஊட்டுவாங்க?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"மெஷின் கரெக்டாத்தான் போவுது" என்றேன்.

"அதான் பிரச்சன. நான் மூச்சு வாங்குறப்ப ஆர்மோனியத்த நிறுத்தி வாசிப்பீங்க. இது யாருக்காவும் நிக்காது."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தாளப் பட்டனை அணைத்தேன். நீண்ட சுரங்களை மட்டும் வைத்து, அவள் மூச்சு வாங்கும் இடங்களில் சும்மா விட்டேன். எதுவுமே வாசிக்காத இடம் என் பாட்டில் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய, புதுச்சேரியில் ஒரு மாடி ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி அவளை நான்கு முறை வெவ்வேறு சுரத்தில் பாட வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஹெட்போனைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"நாலு பேரும் நானா?"

"ஆமாக்கா."

"மூணாவது ஆளு சுதி எறங்குறா. அவள மட்டும் மறுபடி பாடச் சொல்லலாங்களா?"

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பேச்சு ஓயவில்லை. ஆறு குரல் வைக்கலாமா, ஆம்பளைக் குரலையும் தானே பாடிவிடலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கோ ஆர்மோனியத்தின் கரகரப்பு வேண்டும்போல் இருந்தது. தயங்கித்தான் சொன்னேன்.

"வச்சிக்கலாங்க, என் குரலுக்கு அடியில" என்றாள், ஸ்டுடியோவே தன்னுடையது போல.

ஈஸ்டர் காலைப் பூசையில் அப்படித்தான் செய்தோம். நான் தரையில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தேன். சிடியில் அவளுடைய மூன்று குரல்கள். நான்காவதை முன்னால் நின்று அவளே பாடினாள். சிடியும் யாருக்காகவும் நிற்காதுதான். ஆனால் அதில் இருந்தது அவள் மூச்சு. கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்துவந்து, மற்ற மூன்று பேரைத் தேடி ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மழைக்காலத்துக்குள் பாட்டுப் பதிய வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மௌஸ் அவள் கையில். பக்கத்தில் நான், சொன்னபோது வாசிக்க.