படுத்துப் பார்த்துச் சொல்

பதினெட்டு வருஷமாக ஒரு விஷயம் என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. என் வேலை நிரந்தரம் ஆகப்போகிற நேரத்தில் அதைக் கெடுத்தது முதலாளி இல்லை, மேனேஜர் இல்லை, ஆய்வுக்கு வந்த அதிகாரியும் இல்லை. என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். அந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். அதனால் ஊரறியத் திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

அத்தான் எங்கள் ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நான்கு மாடி, நாற்பத்து நான்கு அறை, வாசலில் இரண்டு நட்சத்திரம் பதித்த பித்தளைப் பலகை. தங்கியவர் காலி செய்து போனதும் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, துண்டு மடித்து வைப்பார்கள். அத்தான் போய்ப் பார்த்துச் சரி என்றால்தான் ரிசப்ஷனில் அந்தச் சாவியை அடுத்தவருக்குத் தரலாம்.

மற்ற சூப்பர்வைசர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுப்பார். படுத்தால்தான் தெரியுமாம், கூரை ஒட்டடையும், குழாய் சொட்டும் சத்தமும், திரை இடுக்கில் கண்ணைக் குத்தும் வெயிலும். பிறகு எழுந்து, விரிப்பைச் சுருக்கம் போக இழுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். அவருக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவி கேட்டால், "பொறுங்க, கும்பகர்ணன் இன்னும் எந்திரிக்கல" என்பாள் ரிசப்ஷன் பெண்.

சிரிப்பு அவர்களுக்கு. எலக்ட்ரீஷியன் நான். அவர் படுத்தால் என் பிராணன் போகும்.

"மாப்ளே, இந்த ஃபேன் முனகுது."

"எனக்குக் கேக்கலையே அத்தான்."

"நின்னுக்கிட்டுக் கேட்டா எப்படிடா கேக்கும்? படு."

அவருக்குப் பெரிய வயிற்றெரிச்சல் சுவிட்ச். எல்லா அறையிலும் விளக்கு சுவிட்ச் வாசல் கதவோரம் இருந்தது. அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டுதான் கட்டிலுக்கு வர வேண்டும். காலையில் யாராவது நொண்டிக்கொண்டு இறங்கினால், "பாத்தியா, கட்டில் காலு" என்று என்னை முறைப்பார், கட்டிடத்துக்கு நான்தான் வயரிங் செய்தது போல.

அப்போதுதான் மூன்றாவது நட்சத்திரத்துக்கு மனுப் போட்டார்கள். நட்சத்திரம் என்றால் ஏதோ கௌரவம் என்று வெளியே நினைக்கிறார்கள். அது ஒரு கட்டுக் காகிதம். அறை எத்தனை அடி, வெந்நீர் எப்போதும் வருமா, லிப்ட் உண்டா, அலமாரியில் ஹேங்கர் எத்தனை என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. அதில் ஒன்று, படுத்தபடியே விளக்கை அணைக்க வசதி உண்டா.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டாவது மாடியில மொத மூணு ரூமைத்தான் காட்டப் போறோம். அதுல மட்டும் கட்டில் பக்கம் சுவிட்ச் வச்சிடு. ஸ்டார் வந்தா நிரந்தர லிஸ்ட்ல மொதப் பேரு உன்னோடது."

ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தேன். எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரமானதும் நாள் குறிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் அத்தான்தான். நாலே நாளில் சுவரைக் கொத்தி மூன்று அறையையும் முடித்தேன்.

ஆய்வுக்கு ஒரு அம்மா வந்தார், கண்ணாடி போட்டவர். சாவிக்கொத்தோடு அத்தான், ஸ்குரூ டிரைவரோடு நான், பல்லைக் காட்டிக்கொண்டு மேனேஜர். அந்த அம்மா சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். "எல்லா ரூம்லயும் இப்படித்தானா?"

"ஆமாங்க மேடம்" என்றார் மேனேஜர். பேனா காகிதத்தைத் தொடப் போயிற்று.

"இல்லீங்க மேடம்" என்றார் அத்தான். "இந்த மூணுலதான். மிச்சம் நாப்பத்தொண்ணுலயும் எட்டாது. நான் படுத்துப் பாத்திருக்கேன்."

அதோடு விட்டாரா? மேல் மாடிக்கு அழைத்துப்போய், செருப்பைக் கழற்றி, கட்டிலில் படுத்து, கையை நீட்டிக் காட்டினார். எட்டவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

இரண்டு நட்சத்திரம் இரண்டாகவே நின்றது. பெண்ணின் அப்பா வேறு இடம் பார்த்துக்கொண்டார். இதை என் மனைவி படிப்பாள், ஆகையால் அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு போதும்.

அத்தான் வீட்டுக்கே போய்க் கத்தினேன். "உங்க வாயைக் கொஞ்சம் தெச்சு வச்சிருக்கக் கூடாதா? என் பொழப்பு போச்சே!"

"அந்தம்மா எல்லா ரூமும்னு கேட்டாங்கடா. நாப்பத்து நாலுலயும் படுத்து எந்திரிச்சவன் நான். வேற என்ன சொல்ல?"

"இவர்கிட்ட முப்பது வருஷமா நானே பேசி ஜெயிக்கல, நீ வந்துட்ட" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

பிறகு செய்தாரே, அதுதான் என்னைக் குழப்பியது. காலியான அறையை, "இன்னும் ரெடியாகல" என்று ரிசப்ஷனுக்குப் பொய் சொல்லி அரை நாள் பூட்டி வைப்பார். அதற்குள் நான் சுவரைக் கொத்தி, கட்டில் பக்கம் சுவிட்சுக்கு வயர் இழுத்து, பூசி முடிக்க வேண்டும். அதிகாரியிடம் வராத பொய் ரிசப்ஷன் பெண்ணிடம் சரளமாக வந்தது. ஒவ்வொரு அறை முடிந்ததும் படுத்துக் கை நீட்டுவார். "ரெண்டு விரல் கீழ." கொத்தின சுவரை மறுபடி கொத்துவேன். நாற்பத்தொரு அறை, இரண்டு வருஷம்.

அடுத்த ஆய்வில் மூன்றாவது நட்சத்திரம் வந்தது. நான் நிரந்தரமானேன். அத்தான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது, அவரை யாரும் அழைக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

"கட்டில்ல யாராச்சும் படுத்துப் பாத்தாங்களா?"

"இல்ல அத்தான். டிக் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம் என்னடா ஸ்டாரு!" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் எனக்கு வர வேண்டிய இடத்தில் அவருக்கு வந்தது.

போன மாதம் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பார்க்கப் போனேன். அவர் வீட்டுக் கட்டிலுக்கும் சுவிட்ச் நான் வைத்ததுதான், வலது பக்கம், அவரே படுத்து அளந்து சொன்ன இடத்தில். விளக்கு வேண்டுமென்றால் இப்போது அக்காவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவளுக்கோ முழங்கால் வலி.

"மாப்ளே" என்றார், நாக்கு குழறியது. "இடது பக்கம் மாத்து."

"நாளைக்கே ஆள் அனுப்புறேன் அத்தான்."

"ஆள் வேணாம். நீ மாத்து."

"சரி, நானே வரேன்."

இடது கையால் கட்டிலைத் தட்டினார். "மாத்திட்டு, வலது கையை மடக்கி வச்சுக்கிட்டு இதுல படு. எட்டுதான்னு பாத்துச் சொல்லு."