பாலுண்ணியும் சங்கச் செயலாளரும்

நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தபோது, ஆறு வயதில் என் மகளுக்குப் பாலுண்ணி வந்தது. அக்குளில் முத்து முத்தாகப் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குழி. வலியில்லை.

முதல் முட்டாள் நான்தான். ஒன்றை ஊசியால் குத்திப் பிதுக்கினேன். சில வாரங்களில் அதைச் சுற்றி நாலைந்து முளைத்தன. தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன்.

"குத்தினது யாரு?" என்று அந்த அம்மா முறைத்தார். பிறகு சொன்னார்: "இது வைரஸ்மா. தொட்டா, சொறிஞ்சா, ஒரே டவல்ல துடைச்சா பரவும். தானா போயிடும், வருஷம்கூட ஆகலாம். தனி டவல் குடுங்க. நீச்சல்குளத்துல இறங்கினா பிளாஸ்டர் ஒட்டிடுங்க. ஸ்கூலுக்குத் தாராளமா அனுப்பலாம்."

அவ்வளவுதான் விஷயம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அது போதவில்லை. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. நீச்சல்குளத்தைத் தன் கையாலேயே வெட்டியவர்போல் அதைச் சுற்றி வருவார். ஒரு மாலை, எல்லாக் குழந்தைகளுக்கும் முன்னால் என்னை நிறுத்தினார்.

"மேடம், இந்த வியாதியோட குழந்தைய இறக்குறீங்களே, சுத்தபத்தம் வேணாமா?"

பிளாஸ்டரைக் காட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நானும் கூகுள்ல பாத்துட்டேன்" என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி: 'சில குடும்பங்களின் சுகாதாரக் குறைவு'. வரிசையாகக் கட்டைவிரல்கள். பாதிப் பேர் லிஃப்டுக்குள் வாயை மூடாமல் இருமுகிறவர்கள்.

"நான் அழுக்காம்மா?" என்றாள் மகள்.

"இல்லடா. அவருக்கு ஒண்ணும் தெரியல."

இரண்டு மாதம் கழித்து, மதியத்தில் அவர் மனைவி கதவைத் தட்டினார், பேத்தியோடு. குழந்தையின் கழுத்தில் பாலுண்ணி. அதன்மேல் வெந்த புண்.

"சுண்ணாம்பு வெச்சா உதிர்ந்துடும்னு அவர்தான் வெச்சார். உங்க டாக்டர் எங்கம்மா இருக்காங்க? நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம்."

நாக்கு நுனிவரை ஆயிரம் வார்த்தை வந்தது. அந்தச் சிறுமி காலர் உரசாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் முகவரியை எழுதிக் கொடுத்து, ஆட்டோவும் வரவழைத்தேன்.

பதினான்கு மாதத்தில் என் மகளுடையவை சிவந்து, காய்ந்து, உதிர்ந்தன. குழுவில் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் குழந்தைகளின் சுகாதாரம் பற்றிச் செயலாளர் அரைமணி நேரம் முழங்கினார். பேத்தி முதல் வரிசையில், கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.