மிளகுக்கண் பிள்ளையார்

எதிர்வீட்டுக்காரரைப் பெயிண்டர் அண்ணன் என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளுக்கு வண்ணம் அடிப்பது அவர் வேலை. ஆணி அடித்த ஓட்டை, பிள்ளைகளின் கிறுக்கல், படம் மாட்டியிருந்த இடத்தின் கறை எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பூசிவிடுவார். "முன்ன இருந்தவங்க இருந்த தடமே தெரியக்கூடாதும்மா, அதான் தொழில்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் மனுஷனுக்குக் கொஞ்சம் மிதப்பு வரும். மற்ற நேரமெல்லாம் வாயில் கொழுக்கட்டைதான்.

அவருக்கும் சேர்த்து அவர் பெண்டாட்டி பேசினாள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை, அதனால் அவள் பன்னக்கா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நான் போர்வையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், கதவைத் திறந்து, "வாடி, முகம் ஏன் பிழிஞ்ச துணியாட்டம் இருக்கு?" என்று டீ கொடுப்பாள்.

ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தபிறகும் பிள்ளையார் சதுர்த்தியை மட்டும் அவள் விடவில்லை. மண் பிள்ளையார் இங்கே எந்தக் கடையில் கிடைப்பார்? பிள்ளைகள் பொம்மை செய்கிற களிமண் பாக்கெட்டில் கிடைத்தது. முதல் வருடம் பார்க்காமல் பசை கலந்த களிமண்ணை வாங்கிவந்துவிட்டாள். மூன்றாம் நாள் வாளித் தண்ணீரில் இறக்கினால், பிள்ளையார் கரைவேனா என்கிறார். அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் அவரோடுதான் அண்ணன் குளித்தார். "நம்மள விட்டுப் போக அவருக்கு மனசில்லை" என்று பன்னக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வருடத்திலிருந்து சட்டிபானை செய்பவர்கள் வாங்குகிற நல்ல களிமண் வந்தது. அச்சும் இல்லை ஒன்றும் இல்லை, மாவு பிசைகிற கைதான். குன்றிமணிக்கு எங்கே போவது? கண்ணுக்கு இரண்டு மிளகு. பந்து விளையாடுகிற மைதானத்தில் புல்லைப் பிடுங்கி வந்து அருகம்புல் என்று சாத்துவோம். அது அருகம்புல் இல்லை என்று எங்களுக்கும் தெரியும், பிள்ளையாருக்கும் தெரியும். எல்லாம் முடிந்தபின், தொப்பையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தித் தொப்புள் வைப்பாள். அந்தக் குழியில் அவள் ரேகை பதியும். பேக்கரிக் கத்தி பட்டு ஆறிய தழும்பும் ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடாக விழும்.

போன வருடம் சதுர்த்திக்கு மறுநாள் வேலைக்குப் போனவள் மாவு மூட்டைமேல் சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

அந்த அமளியில் பிள்ளையாரை யார் நினைத்தார்கள்? சாவு விழுந்த வீடு. தீட்டு, தொடக்கூடாது என்றார்கள். அதற்கப்புறம் வருடம் திரும்பும்வரை பண்டிகையே கிடையாது என்றார்கள். பூஜைக்கு வைத்த ஃப்ரிட்ஜ் மேலேயே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். இந்த வருடச் சதுர்த்தியும் தலைத் திவசத்துக்கு முந்தின நாளே வந்து தொலைத்ததால் அதுவும் போயிற்று.

திவசத்துக்கு வந்த மகள் கிளம்பும்போது கறாராகச் சொன்னாள்: "அப்பா, மண் பிள்ளையாரை இப்படி வெச்சிருக்கக்கூடாது. அடுத்த ஞாயிறு நான் வர்றதுக்குள்ள கரைச்சிடுங்க."

நானும் ஒத்து ஊதினேன். "பொண்ணு சொல்றது சரிதாண்ணே. அவரும்தான் எத்தனை நாள் ஃப்ரிட்ஜ் மேல குந்தியிருப்பாரு?"

அண்ணன் பிள்ளையாரை இறக்கி மேசைமேல் வைத்தார். செல்போன் விளக்கைத் தொப்பையில் அடித்தார். "இங்க பாரு." பார்த்தேன். ரேகை வளையம் வளையமாக, தழும்புக் கோடு உட்பட, நேற்று அழுத்தினாற்போல இருந்தது. "ஃபோட்டோவுல மூஞ்சி இருக்கும்மா. அவ கை வேற எதுல இருக்கு? இதைப் போய்த் தண்ணில போடச் சொல்றீங்களே."

சாமியாவது சம்பிரதாயமாவது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. "உங்க பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பத்திரமா வெச்சுக்கோங்க" என்றேன். அந்த வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வார்னிஷ் நெடி. மேசைமேல் பிள்ளையார் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். மிளகுக் கண்கூட மின்னியது. அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். கையில் பிரஷ்ஷை இன்னும் விடவில்லை.

"தும்பிக்கைகிட்ட வெடிச்சிடுச்சும்மா. மண்ணு உதிர ஆரம்பிச்சுது. வெடிப்பு தொப்பைக்கு வந்தா ரேகை போயிடுமேன்னு..."

நான் குனிந்து பார்த்தேன். விரிசலைக் காணோம். குழியும் ஆழம் குறைந்து, கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. ரேகையும் இல்லை, கோடும் இல்லை.

"ஐயையோ, என்னண்ணே பண்ணீங்க?"

"வார்னிஷ் பிடிக்கணும்னா முதல் கோட் அடிக்கணும். அதுல தண்ணி இருக்கு. சுடாத மண்ணு அதைக் குடிச்சு இளகிடுச்சு, பிரஷ்ஷோட வழிச்சிக்கிட்டு வந்துடுச்சு." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பவே நிறுத்தியிருக்கணும். ஊரான் வீட்டுச் சுவத்துல ஓட்டை அடைச்சே பழகின கை. என்னைக் கேக்காமலே அடைச்சிடுச்சும்மா."

அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. பாவி மனுஷா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக்கூடாதா? கேட்டிருந்தால் மட்டும் எனக்கு என்ன தெரியும்? கதவோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை.

ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டார். பால்கனியில் வாளி நிறையத் தண்ணீர். பிள்ளையாரை இரண்டு கையாலும் இறக்கினார். தண்ணீர் பிள்ளையார்மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. காத்திருந்தோம். ஒரு துளி மண்கூட இளகவில்லை. முதல் வருடத்து வாளி என் நினைவுக்கு வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்கும்.

"இப்பக் கரையவும் மாட்டேங்குது பாரு" என்றார்.

உள்ளே போய், சுவரில் பழைய வண்ணம் சுரண்டுகிற தகட்டை எடுத்துவந்தார். பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு வார்னிஷைச் சுரண்டினார். காது, முதுகு, தும்பிக்கை. தொப்பையை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, அப்புறம் அதையும் சுரண்டினார். மறுபடி தண்ணீரில் வைத்ததும் பிள்ளையார் மெதுவாகச் சரிந்தார். மிளகு இரண்டும் மேலே மிதந்தன. சேற்றுக்குள் கையை விட்டவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஏம்மா, அவ தழும்பு எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு? நகத்துப் பக்கமா, உள்ளங்கைப் பக்கமா? நேத்திலிருந்து யோசிக்கிறேன், வர மாட்டேங்குது."

அந்தக் கையால் எத்தனை டீ வாங்கிக் குடித்திருப்பேன். எனக்கும் தெரியவில்லை.

"நகத்துப் பக்கம்ணே" என்றேன்.

"ஆமா, நகத்துப் பக்கம்தான்" என்று தலையாட்டிக்கொண்டார்.