ஜெனிட்டாவின் தவக்காலக் கஞ்சி

சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸில் ஜெனிட்டாவுக்கு வேலையே போனில் பேசுவதுதான். எந்த வண்டி காலியாக நிற்கிறது, எந்த லோடு எங்கே போகிறது என்று நாள் முழுக்க ஒரே பேச்சு. ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு இருமல் வந்துவிடும். “ஏனுங்க ஜெனிட்டா, நெஞ்சுல மணல் லோடு ஏத்தியிருக்கீங்களா?” என்பார் டிரைவர் கந்தவேல். “ஆமாங்கண்ணா, இறக்கத்தான் ஆள் கெடைக்கல” என்பாள் இவள். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அவளுக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உப்பும் நீரும் உயிரணுக்களுக்கு வெளியே வரவேண்டிய வாசல் பிறவியிலேயே கோணல். அதனால் நுரையீரலில் சளி பசை போல ஒட்டிக்கொள்ளும். கைக்குழந்தையை முத்தமிட்டாலே உப்புக் கரித்தது என்று அம்மா ஆரோக்கியம் இன்றைக்கும் சொல்வாள். பத்து வயதைத் தாண்டாது என்று ஒரு மருத்துவர் கைவிரித்தார். ஜெனிட்டா இருபத்துநாலு வயது வரை அவரை ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தாள். இந்த வருஷம்தான் முடியவில்லை. ஆபீஸ் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் டாக்டர் தீபிகா அந்தச் செய்தியைச் சொன்னார். “மூணு மருந்து சேர்ந்த மாத்திரை வந்திருக்கு. உன் மரபணுவுக்குப் பொருந்துது. ரெண்டு மருந்து கோணல் வாசலை நிமிர்த்தி அதோட இடத்துல கொண்டுபோய் நிறுத்தும். மூணாவது அதைத் திறந்தே வெச்சிருக்கும். மூணும் சேர்ந்தாத்தான் முழுப் பலன்.” ஒரு அறக்கட்டளை அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறது. மூன்று மாதம் கழித்து ஊதிப் பார்க்கும் சோதனை. மூச்சு கூடியிருந்தால் மாத்திரை தொடரும். கூடாவிட்டால் காத்திருக்கும் அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

முதல் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்போடு விழுங்கினாள். சாயங்காலத்துக்குள் சளி இளகிக் கொட்ட ஆரம்பித்தது! அந்த வாரக் கடைசியில் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள். மேலே நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். லாரி மெக்கானிக்கான செபஸ்தியான் வண்டிக்கு அடியில் படுத்தபடியே ‘ஆண்டவரே’ என்று கத்த, பட்டறையே ஓடி வந்தது.

இவ்வளவு பெரிய நன்மைக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலமும் வந்தது. கறி, முட்டை, பால், எண்ணெய் எதையும் தொடமாட்டேன் என்று ஜெனிட்டா நேர்ந்துகொண்டாள். ஆரோக்கியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வேளை தவறாமல் உப்புப் போட்ட கஞ்சி, அதோடு மாத்திரை.

இரண்டு வாரத்தில் சளி மறுபடி இறுகியது. செபஸ்தியான் மாத்திரை டப்பாவை முறைத்தார். “நோன்புல ஏதோ கொறை வந்துருச்சு சாமி” என்று ஆரோக்கியம் தொட்டுக்கொள்ள வைத்த துளித் தேங்காய்த் துவையலையும் நிறுத்திவிட்டாள். பலே! டாக்டரிடம் சொல்ல ஜெனிட்டாவுக்குப் பயம். சொன்னால் மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்களே. மூச்சு நன்றாக அடைத்த பிறகுதான் அழுதுகொண்டே போன் போட்டாள்.

“மாத்திரையை எதோட சாப்பிடறே?”

“கஞ்சியோடங்க டாக்டர்.”

“கஞ்சியில வேற என்ன?”

“உப்புங்க. தவக்காலமுங்க.”

தீபிகா போட்ட சத்தத்தில் ஜெனிட்டா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். “கொழுப்போட சாப்பிட்டாத்தான் அந்த மருந்து உடம்புல ஒழுங்கா சேரும்! முட்டை, நெய், பால்னு முதல் நாளே சொன்னேனே!” சொன்னார்தான். அன்றைக்கிருந்த சந்தோஷத்தில் அப்பா, அம்மா, மகள் மூன்று பேர் காதிலும் அது ஏறவில்லை.

நேர்ச்சையை முறிப்பது எப்படி? தாயும் மகளும் பங்குச் சாமியார் ஜெபஸ்டினிடம் ஓடினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “நோயாளிக்கு நோன்பு கெடையாதும்மா. உன் நேர்ச்சையை மாத்தித் தர்றேன். வேளாவேளைக்கு நெய் ஊத்திச் சாப்பிடு, அதுதான் உனக்குத் தவம். போ!”

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியில் வேதக்காரர் வீட்டில் நெய்யில் முட்டை பொரியும் வாசம் வந்தால் தெரு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, உங்க சாமி இன்னிக்கு லீவுங்களா?” என்றாள். ஜெனிட்டா கண்ணை இறுக மூடிக்கொண்டு, புது மாத்திரையோடு, கொழுப்பு செரிக்க எப்போதும் போடும் செரிமான மாத்திரையும் போட்டு, நாலு முட்டையைத் தின்று தீர்த்தாள். சில நாளில் சளி கரைந்தது. ஈஸ்டர் பூசையில் அவள் பாடிய அல்லேலூயா, பாடகர் குழுவையே அமுக்கிவிட்டது.

சோதனை நாளன்று உடம்பில் உள்ள மூச்சையெல்லாம் திரட்டிக் குழாயில் ஊதினாள். தீபிகா திரையை மூவர் பக்கமும் திருப்பினார். பழைய கோடு கீழே கிடந்தது. புதிய கோடு எங்கேயோ மேலே.

“மாத்திரை தொடரும்” என்றார்.

ஆரோக்கியம் கைகூப்பினாள். “இன்னும் எத்தன மாசத்துக்குங்க?”

“மாசக் கணக்கு இல்லம்மா. ஆயுசு பூரா சாப்பிடணும்.”

ஆரோக்கியத்தின் முகம் வாடியது. ஜெனிட்டாவோ எழுந்தே நின்றுவிட்டாள். பிறந்தது முதல் இவளைப் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் அடுத்த மாதம், அடுத்த மழைக்காலம் என்றுதான் பேசியிருக்கிறார்கள்.

“அப்போ எனக்கு ஆயுசு இருக்குங்களா டாக்டர்?”

“நெய்யை விடாம இருந்தா, நெறையவே இருக்கு.”

செபஸ்தியான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.