அவளை அக்கா என்று கூப்பிட்டேன்

அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆஸ்டின் டவுனில் ஒரே சந்தில் வளர்ந்தோம். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன். என் ரெக்கார்டு நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தருவது அவள்தான். என்னைவிட அவள் கையெழுத்து அழகு. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். வீட்டுக்குத் தெரியாது.

மூன்றாம் வருடம், காலேஜ் நண்பர்கள் நான்கு பேரோடு அந்தக் கடைக்குப் போக நேர்ந்தது. வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, ஹத்து காபி கொடி."

பத்துப் பிரதி கொடுங்கள் என்று, எங்களுக்குள் பேசும் தமிழை விட்டுக் கன்னடத்தில், முன்பின் தெரியாத கடைக்காரியிடம் கேட்பதுபோல. அவள் பத்தையும் எடுத்து, அடுக்கி, பின் அடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. புனேயில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது.

அவள் லிங்கராஜபுரத்தில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அம்மா போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். போன மாதம் லீவு போட்டு வந்தேன். வந்த மறுநாளே மத்தியானம் அந்தக் கடைக்குப் போய், பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். மன்னித்துவிடு என்றேன். இன்னும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. நூல் அறுந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"யாரும் இல்லாத நேரமா பாத்து வந்திருக்க பாரு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்று, கடையில் இருந்த இரண்டு பெண்களும் கிளம்பிய பிறகே உள்ளே நுழைந்திருந்தேன். வந்த வழியே திரும்பினேன்.

அடுத்த நாள் சாயங்காலம் போனேன். பிளவுஸ் வாங்க வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு, கல்யாணம் பேசி வைத்திருந்த இவளைத் தெரியாதவன் மாதிரி அக்கா என்று கூப்பிட்டதை அத்தனை பேர் முன்னாலும் தமிழிலேயே சொன்னேன். பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டிக்கப் போறவள அக்கான்னியா? நல்லா படிச்ச, போ."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, போ. மனசுல ஒண்ணும் இல்ல."

கோபம் தீர்ந்தால் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மன்னித்துவிட்டாள் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் அவள் சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது. கோபமும் இல்லை, பழைய ஆசையும் இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லியிருந்தாள்.